நீருக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு காற்றுப் படலம்

தாமரை இலைத் தண்ணீர்போல் பட்டும் படாமலும் இருப்பது என்பது நம் பாட்டிமார் பேச்சிலும் புழங்கும் உவமை. இலையின்மேல் நீர்த்துளி உருண்டோடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த இலையை நீருக்குள் முழுவதும் அமிழ்த்திப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மயிலாப்பூர் மாட வீதியில் தாமரைப் பூ வாங்கும்போது பூக்காரம்மாவிடம் ஓர் இலையும் கேட்டு வாங்குங்கள். வாளித் தண்ணீரில் அதை அழுத்தி, சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பச்சை இலை வெள்ளித் தகடாய் மின்னும்! வெளியே எடுத்தால் இலை நனைந்திருக்காது. இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகளுக்கிடையே சிக்கிய காற்று, மெல்லிய படலமாக நின்று தண்ணீரை அண்டவிடாமல் தடுக்கிறது. அந்தக் காற்றுப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியே நாம் காணும் வெள்ளிப் பளபளப்பு.

இந்தக் காற்றுப் படலத்தைக் கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் போர்த்திவிட்டால், நீரின் தடை குறைந்து அவை எளிதாக நகருமல்லவா? இக்கேள்விக்கு விடை தேடி அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை நம் வியப்புக்கு உரியவை. ஆனால் வியப்பதோடு நின்றுவிடலாகாது. இந்த அறிவை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதே முக்கியம். வேகத்திற்கா, சிக்கனத்திற்கா? அழிக்கவா, ஆக்கவா? சிக்கனத்திற்கே என்பது என் கருத்து. அதற்கான முதல் சோதனை நம் சென்னைக் கடலிலேயே நடக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

தண்ணீர் ஏன் பிடித்து இழுக்கிறது?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடை வாசலை ஒட்டி நிற்பவர் நகர்வதே இல்லை. அவருக்கு அடுத்தவர் அங்குலம் அங்குலமாக நகர்கிறார். தெருவின் நடுவில் போகிறவரே சற்று நடக்கிறார். ஒவ்வொரு வரிசையும் பக்கத்து வரிசையை உரசிப் பின்னுக்கு இழுக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு பொருளின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர், அப்பொருளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அதற்கு அடுத்த அடுக்கு சற்று விலகி நழுவுகிறது, அதற்கும் அடுத்தது இன்னும் நழுவுகிறது. இவ்வாறு வேகம் படிப்படியாக மாறும் பகுதியை எல்லைப் படலம் என்கிறோம். இந்த உரசலே உராய்வுத் தடை. அலைகளை எழுப்புவதாலும், பின்புறம் சுழல் உண்டாவதாலும் ஏற்படும் தடைகள் வேறு. ஆனால் மெதுவாகச் செல்லும் பெரிய சரக்குக் கப்பலுக்கு உராய்வே பெரும் பகைவன். அதன் எஞ்சின் எரிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு இந்த உரசலை வெல்லவே செலவாகிறது.

காற்றின் நிலை வேறு. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ எடையுள்ளது. ஒரு கன மீட்டர் காற்று ஒன்றேகால் கிலோ கூட இல்லை. பாகுநிலையிலும் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 50 மடங்கு மிகுந்தது. ஆகவே கப்பலின் உடலுக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றை நிறுத்திவிட்டால் உரசல் பெரிதும் குறையும். தத்துவம் இவ்வளவே. நிறுத்துவதுதான் கடினம்!

பழைய கனவும் புதிய முயற்சிகளும்

இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் என்னும் பொறியாளர் 1870-களில் டார்க்கீ நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சிறு கப்பல் மாதிரிகளை இழுத்து நீரின் தடையை அளந்தார். இன்று உலகெங்கும் உள்ள இழுவைத் தொட்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. கப்பலின் அடியில் காற்றைச் செலுத்தினால் என்ன என்ற எண்ணமும் அந்தக் காலத்திலேயே எழுந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் டி லாவல் 1880-களில் அதற்காக முயன்றார். ஆயினும் நெடுங்காலம் அது கனவாகவே இருந்தது.

1973-இல் மெக்கார்மிக், பட்டாச்சார்யா என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு புதுவழி கண்டனர். நீரில் மூழ்கிய ஒரு பொருளின்மேல் கம்பி சுற்றி மின்னோட்டம் செலுத்தினர். மின்னாற்பகுப்பால் ஹைட்ரஜன் நுண்குமிழிகள் உண்டாகிப் பொருளைச் சூழ்ந்தன. நீரின் தடை குறைந்தது. நம் வேதியியல் வகுப்பில் முதலாண்டிலேயே செய்யும் மின்னாற்பகுப்பு கப்பலியலில் ஒரு புதிய துறைக்கு வித்திட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழியை நம் சமையலறையிலேயே காணலாம். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மா தண்ணீர் தெளிக்கிறார். கல் மிகவும் காய்ந்திருந்தால் துளி உடனே ஆவியாகிவிடுவதில்லை. உருண்டையாகி அங்குமிங்கும் ஓடுகிறது. துளியின் அடியில் உண்டாகும் நீராவி மெத்தைபோல் அதைத் தாங்குவதே காரணம். 1756-இல் இதை விளக்கி எழுதிய லைடன்ஃப்ராஸ்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயரையே இந்நிகழ்ச்சி தாங்கியுள்ளது. 2011-இல் வகரெல்ஸ்கி என்பவரும் அவர் குழுவினரும் நன்கு காய்ச்சிய உலோகக் குண்டை ஒரு திரவத்தினுள் விழச்செய்து ஆராய்ந்தனர். குண்டைச் சூழ்ந்த ஆவிப் படலத்தால் தடை 85 விழுக்காடு வரை குறைந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது தண்ணீரன்று, எளிதில் கொதிக்கும் வேறொரு திரவம். கப்பலைத் தோசைக்கல்லாகக் காய்ச்சவும் இயலாது. ஆயினும், வாயுப் படலம் எவ்வளவு சாதிக்கக்கூடும் என்பதன் எல்லையை அது காட்டியது.

இயற்கையோ இவர்களுக்கெல்லாம் முன்னரே இக்கலையைக் கற்றிருக்கிறது. எம்பரர் பெங்குவின் பறவைகள் கடலிலிருந்து பனிக்கட்டியின்மேல் தாவுவதற்காக மேல்நோக்கி விரையும்போது, இறகுகளுக்கிடையே சேர்த்து வைத்த காற்றை நுண்குமிழிகளாக வெளிவிட்டு வேகம் கூட்டுகின்றன என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குளங்களில் பரவித் தொல்லை தரும் சால்வினியா என்னும் நீர்ப்பெரணியும் காற்றைப் பிடித்து வைப்பதில் வல்லது. அதன் இலைமேல் முட்டை அடிக்கும் கருவிபோன்ற வடிவில் மயிர்கள் உள்ளன. மயிரெல்லாம் நீரை வெறுக்கிறது, அதன் நுனி மட்டும் நீரை விரும்பிப் பற்றிக்கொள்கிறது. வெறுப்பும் விருப்பும் சேர்ந்து காற்றுப் படலத்தை நெடுநாள் நிலைநிறுத்துகின்றன. 2010-இல் ஜெர்மானிய அறிஞர் பார்த்லாட் குழுவினர் இந்த மர்மத்தை விளக்கினர். களை என்று நாம் அள்ளி எறியும் செடியிலும் பாடம் இருக்கிறது!

டார்பிடோவின் கவர்ச்சி

இந்தத் துறையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே இளைஞர்கள் முதலில் கேட்பது ஷ்க்வால் என்னும் ரஷ்ய டார்பிடோவைப் பற்றித்தான். 1977-இல் சோவியத் கடற்படையில் சேர்க்கப்பட்ட இது, தன் மூக்கின் வழியே வாயுவைச் செலுத்தி, தன்னைச் சுற்றிலும் ஒரு வாயுக் குகையையே உண்டாக்கிக்கொள்கிறது. நீருக்குள் மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகம். சாதாரண டார்பிடோவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

கேட்கும்போது மெய் சிலிர்க்கிறது. ஆனால் சற்று நிதானித்துக் கணக்குப் போடுவோம். அந்த வேகத்தை அது பெறுவது ராக்கெட் எஞ்சினால். ஓடும் தூரமோ சில கிலோமீட்டரே. எழுப்பும் ஓசையால் ஏவிய கப்பலே காட்டிக்கொடுக்கப்படும். விருப்பம்போல் திருப்புவதும் எளிதன்று. எரிபொருளை ஒரே மூச்சில் வாரி இறைத்துப் பெற்ற வேகம் அது. அதில் சேமிப்பு எங்கே இருக்கிறது? ஒரே தத்துவம் ஒரு கையில் ஊதாரியாகவும் இன்னொரு கையில் சிக்கனக்காரனாகவும் ஆகிறது. நாட்டின் பாதுகாப்புக்குப் படைக்கலன் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கென்று தனி ஆய்வுக்கூடங்களும் நிதியும் இருக்கின்றன. நான் கேட்பதெல்லாம், இத்துறையின் புகழ் முழுவதையும் டார்பிடோவே தட்டிச் செல்ல வேண்டுமா என்பதுதான்.

ஆழம் என்னும் எதிரி

அப்படியானால் ஆழ்கடல் ஆராய்ச்சிக்கு இப்படலம் உதவுமா என்று கேட்கலாம். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்திற்கு அனுப்பும் நோக்கத்துடன் 'மத்ஸ்யா 6000' என்னும் நீர்மூழ்கியை உருவாக்கியுள்ளது. 2025-இன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதற்கு நீர்ச் சோதனைகளும் நடந்தன. மனிதர் அமரும் டைட்டானியக் கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 2.1 மீட்டர். நம் நகரின் விளிம்பில் நடக்கும் இப்பணி நமக்குப் பெருமையே.

ஆனால் அதற்குக் காற்றுப் போர்வை பொருந்தாது. காரணம் நாம் எல்லோரும் படித்த பாயில் விதி. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் 600 மடங்கு. மேலே ஒரு வாளி நிறைய இருந்த காற்று அங்கே ஒரு கரண்டி அளவுக்குச் சுருங்கிவிடும். அழுத்தம் கூடக் கூடக் காற்று நீரில் கரைவதும் மிகுதியாகும். அங்குப் புதிதாகக் காற்றைச் செலுத்த வேண்டுமானால் அந்த அழுத்தத்தையெல்லாம் எதிர்த்துத் தள்ள வேண்டும். தாமரை இலையின் வெள்ளிப் பளபளப்பும் வாளியில் இருக்க இருக்க மங்கிவிடுவதை, சோதனை செய்பவர்கள் காண்பார்கள்.

இதிலிருந்து தெளிவாவது என்ன? காற்றுப் படலம் உண்மையில் பயன்படுவது ஆழத்தில் அன்று, நீர்மட்டத்திற்குச் சில மீட்டர் கீழே. விரைந்து பாயும் மெலிந்த உடலுக்கு அன்று, மெதுவாக நகரும் அகன்ற தட்டையான அடிப்பாகத்திற்கு. தட்டையான அடியில் செலுத்திய காற்று, தானே மேலெழும்பத் துடித்தாலும் வெளியேற வழியின்றிக் கப்பலின் அடியிலேயே பரவிப் பின்னோக்கிச் செல்கிறது. 2010-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 'யமாட்டாய்' என்னும் அகன்ற சரக்குக் கப்பலில் இம்முறையை அமைத்துக் காட்டியது. அதன்பின் பல நாட்டுக் கப்பல்களில் இது ஏறியிருக்கிறது. கம்ப்ரசருக்கு ஆகும் செலவு போகப் பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை எரிபொருள் மிச்சமாகும் என்று கூறப்படுகிறது.

எண்ணூருக்கு வரும் நிலக்கரி

தட்டையான அடிப்பாகம், மெதுவான வேகம், பெரிய உடல். இப்படிப்பட்ட கப்பல்கள் நமக்கு எங்கே இருக்கின்றன? கலங்கரை விளக்கத்தின் மேலேறி வடகிழக்கே பார்த்தால் தொடுவானத்தில் நிற்பவற்றில் சில அவைதாம்.

தமிழ்நாட்டின் அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரி, பாராதீப், ஹால்தியா போன்ற கீழைக்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகிறது. அதைக் கொணர்வதற்காகவே 1974-இல் தமிழக அரசு பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தை நிறுவியது. 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்னும் பெயர்களில் அதன் சொந்தக் கப்பல்கள் வங்கக் கடலில் ஓடியதுண்டு. வாடகைக் கப்பல்களும் அமர்த்தப்பட்டன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதும் முதன்மையாக நிலக்கரி இறக்குவதற்காகவே.

இவ்வகைப் பெரிய கப்பல் ஒன்று ஓடும்போது நாளொன்றுக்கு 30 டன் எண்ணெய் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு மிச்சமானால் ஒன்றரை டன். ஒரு டன் எண்ணெய் எரிந்தால் மூன்று டன்னுக்கும் மேல் கரியமில வாயு உண்டாகும். எனவே ஒரே கப்பலில், ஒரே நாளில், நாலரை டன் கரியமில வாயு குறையும். ஆண்டு முழுவதும், பல கப்பல்களில் என்றால்? சிறு துளி பெரு வெள்ளம்! 2018-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களிலிருந்தே வந்தது. 2050-ஐ ஒட்டி இதைச் சுழியமாக்க வேண்டும் என்று 2023-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இலக்கு வகுத்திருக்கிறது. அந்த நாள் வரும்போது அயல்நாட்டாரிடம் கையேந்தி நிற்கப் போகிறோமா, நம் கடலுக்கேற்ற வழியை நாமே அறிந்து வைத்திருக்கப் போகிறோமா?

அறிவும் கருவியும் நம்மிடம் இல்லாமலில்லை. 1959-இல் தொடங்கிய அடையாறு ஐ.ஐ.டி. வளாகத்தில் கடல்சார் பொறியியல் துறையும், அதில் நீண்ட இழுவைத் தொட்டியும் உள்ளன. அங்குள்ள ஆய்வாளர்கள், மொத்தச் சரக்குக் கப்பலின் சிறு மாதிரிக்கு அடியில் காற்றைச் செலுத்தி, தடை எவ்வளவு குறைகிறது என்று அளந்து கட்டுரைகளும் வெளியிட்டிருக்கிறார்கள். தொட்டியில் கண்டது கடலில் பலிக்க வேண்டும். அதற்கு ஒரு கப்பல் வேண்டும்.

என் யோசனை இதுதான். எண்ணூருக்கு நிலக்கரி கொணரும் கப்பல் ஒன்றில் காற்றுப் படல அமைப்பைப் பொருத்தி, ஓராண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இச்சோதனையில் ஒரு பெரும் வசதி உண்டு. அதே கப்பலில், அதே வழியில், ஒரு மணி நேரம் கம்ப்ரசரை ஓடவிட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தியும் எரிபொருளை ஒப்பிடலாம். விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பலன் உண்டென்று கணக்கு காட்டினால், அதன்பின் கப்பல் வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில், இவ்வமைப்புள்ள கப்பலுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பலன் இல்லையென்றால் அதையும் வெளிப்படையாக அச்சிட வேண்டும்.

மறுப்புகள்

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். அவை நியாயமானவையும்கூட.

ஜப்பானில் வென்றது இங்கும் வெல்லுமா? ஐயம் சரியே. நம் கடல் வெப்பமானது. நங்கூரமிட்டு நிற்கும் சில வாரங்களிலேயே பாசியும் சிப்பியும் கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும். காற்று வரும் துளைகளை அவை அடைத்துவிடலாம். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் கப்பல் புரண்டாடும்போது காற்று ஒரு பக்கமாக நழுவி ஓடிவிடலாம். ஆனால் இவையெல்லாம் இங்கே சோதிக்க வேண்டும் என்பதற்கான காரணங்களே தவிர, சோதிக்கவே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல.

வேகத்தைக் குறைத்தாலே எண்ணெய் மிச்சமாகுமே என்பர் சிலர். உண்மை. கப்பலுக்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறுவதால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே கால் பங்குக்கு மேல் திறன் குறையும். அடிப்பாகத்தைச் சுரண்டித் தூய்மை செய்வதும் பெரும்பலன் தரும். இவற்றை முதலில் செய்ய வேண்டும் என்பதில் ஐயமில்லை. வீட்டைக் கூட்டிய பின்தானே கோலம் போடுகிறோம்! காற்றுப் படலம் அதற்கு அடுத்த படி.

நிலக்கரியே ஒழிய வேண்டும் என்னும்போது அதைச் சுமக்கும் கப்பலுக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்பவர்களும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே வாழும் எண்ணூர் மக்களை நினைத்தால் அக்கேள்வியின் நியாயம் புரிகிறது. ஆனால் நிலக்கரி நாளை நின்றாலும் நெல்லும் கோதுமையும் உரமும் இரும்புத் தாதும் கப்பலில்தான் வரும். நிலக்கரிக் கப்பலில் கற்ற பாடம் அவற்றுக்கும் உதவும்.

மீனவர் படகுக்கு இது உதவாதா என்பது இன்னொரு கேள்வி. பட்டினப்பாக்கத்திலும் ஊரூர் குப்பத்திலும் டீசல் விலையால் நலிபவர்களை நினைத்து எழும் நல்ல கேள்வி. அலைமேல் தாவும் சிறு படகின் குறுகிய அடியில் காற்று நிற்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆகாததை ஆகும் என்று ஆசை காட்டுவது அறிவியல் அன்று.

நம் ஆய்வுக்கூடத்தில்

கப்பலும் தொட்டியும் பெரியவர்கள் காரியம், கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இயற்பியல் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உயரமான கண்ணாடிச் சாடியில் விளக்கெண்ணெய் ஊற்றி, எஃகுக் குண்டுகளை விழவிட்டு, ஸ்டோக்ஸ் முறையில் பாகுநிலையைக் கணக்கிடுகிறோம். விடை என்ன வரும் என்பது செய்முறைப் பதிவேட்டில் முன்பே தெரியும். சற்றுக் கூடக் குறைய வந்தால் 'சரிசெய்து' எழுதும் திறமையும் நம்மில் பலருக்கு உண்டு!

அதே சாடியில் தண்ணீரை ஊற்றுவோம். ஒரு குண்டை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியச் செய்வோம். கரி, தாமரை இலைபோல் நீரை வெறுப்பது. அக்குண்டு தண்ணீருக்குள் வெள்ளிக் குண்டாய் மின்னும். கரி படிந்த குண்டையும் படியாத குண்டையும் மாறி மாறி விழவிட்டுக் கைப்பேசியில் படம் பிடித்து நேரத்தை ஒப்பிடுவோம். எது முந்தும்? படலம் உராய்வைக் குறைக்கும், ஆனால் அதே காற்று குண்டைச் சற்று மிதக்கவும் தூண்டும். குண்டின் அளவையும் படலத்தின் தடிப்பையும் பொறுத்து விடை மாறும். வழிகாட்டி நூலில் விடை அச்சிடாத இத்தகைய சோதனையில் நூறு முறை அளந்தால்தான் ஒரு வரி எழுத முடியும். அந்த ஒரு வரி நம்முடையதாக இருக்கும். ஆசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால், சாடியும் குண்டும் மெழுகுவர்த்தியும் நம் ஆய்வுக்கூடத்திலேயே கிடைக்கும்.

சீறிப் பாயும் டார்பிடோ செய்தித்தாளில் இடம் பிடிக்கும். ஒன்றரை டன் எண்ணெயை மிச்சம் பிடித்து எண்ணூரில் வந்து நிற்கும் நிலக்கரிக் கப்பலைப் பற்றி எவரும் எழுதப் போவதில்லை. ஆயினும் நம் மின்கட்டணத்திலும், நாம் மூச்சிழுக்கும் காற்றிலும் கணக்கு வைப்பது அந்தக் கப்பல்தான். வாயுப் படலத்தைப் பற்றிய அறிவு உலகுக்குப் பொது. அதைக் கொண்டு முதலில் எதைச் செய்கிறோம் என்பதே ஒரு நாட்டின் மனத்தைக் காட்டும். நாம் முதலில் அந்தக் கப்பலுக்குக் காற்றைப் போர்த்துவோம்.